கடல் பக்கம் வண்டி இல்லை

போக்குவரத்துக் காவலில் அவருக்கு 'மைல்கல்' என்று பட்டப்பெயர் வைத்தவன் யாரோ, நல்ல கண் உள்ளவன். ஏட்டு ஒரு இடத்தில் நின்றுவிட்டால் நின்றதுதான். வெயில் கொளுத்தினாலும் சரி, பெரிய மனிதர்களின் கார் பின்னாலிருந்து ஹாரனை அலறவிட்டாலும் சரி, அசையமாட்டார். குட்டையான ஆள், சதுரமான தோள், தலையில் பாதி நரை. சிரிப்பை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவர் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். வீட்டில் மட்டும் எங்கே சிரித்தார், அங்கேயும் இதே முகம்தான் என்பது அவர் மனைவியின் புகார்.

அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் சொல்வது ஒரே கதையைத்தான். தங்கைக்குக் கல்யாணம் ஆன புதிது. மாப்பிள்ளை லாரி டிரைவர், சொந்த லாரி. ஒருநாள் பின்விளக்கு எரியாமல் அந்த வழியாக வந்தார். மச்சான் நிற்கிறாரே என்று வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, வாயெல்லாம் பல்லாக வந்தார். ஏட்டு நலம் விசாரித்தார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார், கேட்டுக்கொண்டே அபராத ரசீதைக் கிழித்துக் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் வெகுநாள் மாப்பிள்ளை மச்சான் வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. தங்கைக்காரி மட்டும் அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "எங்கண்ணன் என்னையே பிடிச்சு உள்ள போட்டாலும் போட்டுடுவார்" என்று பெருமை வேறு.

இப்படிப்பட்ட ஆளோடு உறவு கொண்டாடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அக்கம்பக்கத்தில் ஒருவர்கூட அவரிடம் சிபாரிசுக்கு வந்தது கிடையாது. வந்தாலும் ஒன்றும் நடக்காது என்று தெரியும். "ஊர்ல எல்லாருக்கும் போலீஸ்காரர் வீட்டுக்காரின்னா ஒரு மரியாதை இருக்கும், எனக்கு என்னன்னா பரிதாபம்தான் இருக்கு" என்று மனைவி சொன்னபோதும் ஏட்டு தன் பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

தங்கை அவரைவிட ரொம்ப இளையவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவளுக்கு எல்லாமே அவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீருடையோடு நின்றபடி அவளுக்குத் தலை பின்னிவிடுவார். பின்னல் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாகத் தொங்கும். வளர்ந்ததும் அவள் பெரிய ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைக்குப் போனாள். நோயாளிகளைத் தூக்குவது, திருப்பிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது எல்லாம் அவள் வேலை. கல்யாணமாகிக் கடலோர ஊருக்குப் போன பிறகு மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். "யார் யாரையோ தூக்குறேன், இவரைத் தூக்க மாட்டேனா" என்று வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். ஏட்டுக்கு இந்த உலகத்தில் உயிர் என்று ஒன்று வெளியே இருந்ததென்றால் அது அவள்தான். அதை ஒருநாளாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடலுக்குப் போகும் நெடுஞ்சாலையில், கரையிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சந்திப்பு இருக்கிறது. பல வருஷமாக அதுதான் ஏட்டு நிற்கும் இடம். நாலு வழிச் சாலை. நடுவில் சிமெண்ட் தடுப்பு. ஒரு பக்கம் போக, ஒரு பக்கம் வர. பெரிய புயல் வரும்போது அந்தக் கணக்கு மாறிவிடும். நாலு வழியும் கடலை விட்டு வெளியே வருகிறவர்களுக்கே என்று சாலையைத் திருப்பிவிடுவார்கள். முதலில் ஒரு ரோந்துக் கார் கடல் வரைக்கும் போய், உள்ளே போகிற திசையில் ஒரு வண்டிகூட மிச்சமில்லை என்று பார்த்துச் சொல்லும். அந்தத் தகவல் வந்த பிறகுதான் திருப்பல். அதற்கப்புறம் சந்திப்பில் நிற்பவருக்கு ஒரே ஒரு வேலை: கடல் பக்கம் ஒரு வண்டியும் போகக் கூடாது. சைக்கிள்கூட. ஏனென்றால், எதிரே நாலு வழியிலும் ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்து வருகிறார்கள். எதிரில் ஒரு வண்டி வரும் என்று அவர்கள் கனவில்கூட நினைக்கமாட்டார்கள்.

இதற்கு முன்னால் வந்த ஒரு புயலில், இன்னொரு சந்திப்பில், ஒரு காவலர் இரக்கப்பட்டு ஒரு பால் வேனை உள்ளே விட்டுவிட்டார். ஒரே ஒரு வண்டிதானே, ஓரமாகப் போய்விடும் என்று நினைத்தார். மழையில் அந்த வேன் ஒரு குடும்பக் காரோடு நேருக்கு நேர் மோதியது. உதவிக்குப் போனவர்களில் ஏட்டும் ஒருவர். காருக்குள்ளிருந்து அவர் எதையெல்லாம் வெளியே எடுத்தார் என்பதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அன்றிலிருந்து 'ஒரே ஒரு வண்டி' என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் சிவந்துவிடும்.

இந்தப் புயல் அன்று விடியற்காலையிலேயே வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருண்டு கிடந்தது. ஏட்டு வீட்டில் சட்டைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி ஆரம்பித்தாள்.

"உங்க தங்கச்சிகிட்ட பேசினீங்களா?"

"பேசினேன். மாப்ள வெளியூர்லேர்ந்து லாரியோட வந்துட்டிருக்கார். மதியத்துக்குள்ள வந்து ரெண்டு பேரையும் ஏத்திட்டு வந்துடுவாராம்."

"படுத்த படுக்கையா கிடக்கிற மனுஷனை வச்சிக்கிட்டு அவ தனியா இருக்கா. உங்க ஸ்டேஷன் ஜீப்பை ஒரு நடை அனுப்பக் கூடாதா?"

"ஜீப் என்ன நம்ம வீட்டுச் சொத்தா?"

"இல்லதான். தங்கச்சி நம்ம வீட்டுச் சொத்து இல்லையா?"

ஏட்டு பதில் சொல்லாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் பதில் சொல்லாத இடங்களில் எல்லாம் மனைவி ஜெயித்துவிட்டாள் என்று அர்த்தம். ஆனால் அதனால் அவளுக்கு ஒரு லாபமும் இருந்ததில்லை.

காலை பாதி கழியும் முன் சாலையைத் திருப்பிவிட்டார்கள். பழைய கரையோரச் சாலையில் தரைப்பாலம் ஏற்கெனவே முங்கிவிட்டதால் வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் இந்த ஒரே வழிதான். எள் போட்டால் விழ இடமில்லை. ஏட்டும் அவருக்குக் கீழே இருந்த நாலைந்து காவலர்களும் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகளை உள்ளே போகும் வழியில் குறுக்கே தள்ளி நிறுத்தினார்கள். தவறான பக்கத்தில் வருகிற வண்டிகளை நடுத்தடுப்பின் இடைவெளி வழியாகச் சரியான பக்கத்துக்கு ஒழுங்காக இறக்கிவிட வேண்டும். அங்கே ஒருவன் தயங்கி பிரேக் போட்டால் பின்னால் ஊர் நீளத்துக்கு நெரிசல் சேர்ந்துவிடும். அதனால் ஏட்டு கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "நிக்காத, போ. பார்க்காத, போ. போன் அப்புறம் பேசு, போ."

மனிதர்கள் எதையெல்லாம் காப்பாற்ற நினைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் அன்றைக்கு அங்கே நின்றிருக்க வேண்டும். ஒருவர் தன் வீட்டு வாசல் கதவையே கழற்றிக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு அம்மா மடியில் பிள்ளையையும், பிள்ளையின் மடியில் டிவியையும் வைத்திருந்தாள். ஒரு ஆள் கண்ணாடியை இறக்கி, "சார், சுங்கச்சாவடில இன்னைக்கும் வசூல் பண்ணுவாங்களா?" என்று கேட்டான். ஏட்டு அவனைப் பார்த்த பார்வையில் கண்ணாடி தானாக மேலே ஏறியது.

உள்ளே போக வேண்டும் என்று தடுப்புக்கு வந்தவர்களும் உண்டு. பூட்டாமல் வந்த கடையைப் பூட்ட வேண்டும் என்றவர், விட்டுவிட்டு வந்த நாயை எடுத்து வர வேண்டும் என்று அழுதவர், பத்திரிகைக்காரன் என்று அட்டையைக் காட்டியவர். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "கடல் பக்கம் வண்டி இல்லை. திரும்புங்க." ஒரு அம்மா மண்ணை அள்ளித் தூற்றாத குறையாகச் சபித்துவிட்டுப் போனாள். அந்தச் சாபம் மழையோடு மழையாக அவர் மேல் விழுந்தது, அவரும் துடைத்துக்கொள்ளவில்லை.

மதியம் நெருங்கும்போது மாப்பிள்ளையின் லாரி வந்து தடுப்பின் முன்னால் நின்றது.

வழியில் ஒரு மரம் விழுந்து அவருக்கு நேரமாகிவிட்டது. இறங்கி ஓடிவந்தார். கொஞ்சம் பருத்த ஆள், ஓடிப் பழக்கமில்லை. மூச்சு வாங்கியது.

"மச்சான், தடுப்பைக் கொஞ்சம் நகர்த்துங்க. நான் போயிட்டு வந்துடறேன்."

"மாப்ள, திருப்பியாச்சு. இப்ப போக முடியாது."

"தெரியும் மச்சான். ஓரமா, லைட்டைப் போட்டுக்கிட்டு, ஹாரன் அடிச்சிக்கிட்டே போறேன். ஒரே ஒரு வண்டி மச்சான்."

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். ஏட்டின் முகம் இறுகியது. "அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார்.

"உங்க தங்கச்சி உள்ள இருக்கா. எங்கப்பா இருக்கார்."

"திருப்பறதுக்கு முன்னாடியே பஸ் உள்ள போயிருக்கு. வீடு வீடா போய் கூப்பிடறாங்க. படுத்திருக்கிறவங்களுக்கு ஆம்புலன்ஸ் இருக்கு. வந்துடுவாங்க."

"வர மாட்டா மச்சான்!" மாப்பிள்ளையின் குரல் உடைந்தது. "காலைல போன்ல நான்தான் சொன்னேன். யார் வந்து கூப்பிட்டாலும் போகாத, அப்பாவை பஸ்ல உட்கார வைக்க முடியாது, நான் லாரில மெத்தை போட்டு எடுத்துட்டு வர்றேன், நான் வர்ற வரைக்கும் நகராதன்னு சொன்னேன். இப்ப போன் போகல. டவர் எல்லாம் போயிடுச்சு. அவ எனக்காக உட்கார்ந்திருப்பா."

ஏட்டு ஒரு தடவை கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் தடுப்பைப் பிடித்திருந்த கை நகரவில்லை. லாரிக்குப் பின்னால் அதற்குள் இன்னும் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவர் தலையை வெளியே நீட்டி, இந்த லாரியை விடுகிறாரா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தார். விட்டால் அத்தனையும் பின்னாலேயே போகும். எதிரே அந்த நேரத்தில் பள்ளிக்கூட வேன்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி, விட வேண்டாம். உங்க வாக்கிடாக்கில ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க ஆள் யாராவது வீட்டுக்குப் போயி, 'உன் வீட்டுக்காரர் வரல, ஆம்புலன்ஸ்ல ஏறும்மா'ன்னு சொல்லட்டும். அது போதும் மச்சான்."

"சொல்றேன். வண்டியை ஓரம் கட்டுங்க."

இங்கேதான் ஏட்டின் வாழ்க்கை முழுவதும் அவருக்கு எதிராக வந்து நின்றது. வாக்கிடாக்கியில் குடும்ப விஷயம் பேசக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மனைவி மாத்திரை வாங்கினாளா என்று அதில் கேட்ட ஒரு காவலரை மேலிடத்துக்கு எழுதிப் போட்டவர் அவர். அன்றைக்கு அந்தக் கருவி ஒரு நொடிகூட ஓயவில்லை. பாதி வழியில் ஒரு பஸ் நின்றுவிட்டது, டிராக்டர் வேண்டும். பிரசவ வலியோடு ஒரு பெண் காரில் இருக்கிறாள், வழி விடுங்கள். மேற்கே மின்கம்பம் சாய்ந்துவிட்டது, ஆள் அனுப்புங்கள். ஏட்டு பொத்தானில் கட்டைவிரலை வைப்பார். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கத்துவார்கள். விரலை எடுத்துவிடுவார். இதைவிடவா என் தங்கை விஷயம் அவசரம் என்று தோன்றும். அவள் ஒன்றும் சின்னக் குழந்தை இல்லையே, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், காற்றைப் பார்த்தால் தானே புரிந்துகொண்டு ஏறிவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்சம் ஓயட்டும், சொல்லலாம் என்று நினைத்தார். ஓயவில்லை.

மாப்பிள்ளை ஓரத்தில் லாரியின் படியில் உட்கார்ந்து மழையில் நனைந்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டீர்களா என்று தலையை ஆட்டிக் கேட்டார். ஏட்டு, இரு என்று கையைக் காட்டினார். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை கையைக் காட்டினார். ஊரெல்லாம் அந்தக் கையைப் பார்த்து நின்றது மாதிரி மாப்பிள்ளையும் நின்றார்.

ஏட்டு கடைசியில் வாய் திறந்தபோது நேரம் ரொம்ப ஓடிவிட்டது. கடல் முனையில் பொறுப்பில் இருந்தது ஒரு சப்-இன்ஸ்பெக்டர் அம்மா. ஏட்டு விலாசத்தைச் சொன்னார், விஷயத்தைச் சொன்னார். 'என் தங்கை' என்ற வார்த்தையை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சொன்னார்.

காற்றின் இரைச்சலுக்கு நடுவே அந்த அம்மாவின் குரல் வந்தது. "ஏட்டய்யா, நாங்க ஊரை விட்டு வந்துட்டோமே. கடைசி ஆம்புலன்ஸும் ஊர் எல்லைப் பாலம் தாண்டியாச்சு. தண்ணி ஏறிடுச்சு, இப்ப திரும்ப முடியாது. கொஞ்சம் முன்னாடி சொல்லியிருந்தா நானே நேர்ல போயிருப்பேனே. உங்க தங்கச்சின்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் ஏட்டு நிறுத்தினார். நிற்காதே, போ என்று காலையிலிருந்து கத்தியவர் தானே குறுக்கே போய் நின்று, படியில் ஏறி, ஈரத் துணி வாடையும் குழந்தைகளின் அழுகையுமாக இருந்த ஒவ்வொரு இருக்கையையும் பார்த்தார். ஆம்புலன்ஸ்களின் பின்கதவைத் திறந்து பார்த்தார். பின்னால் ஹாரன்கள் அலறின. இளைய காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் கேட்கத் துணிச்சல் இல்லை. அவள் எதிலும் இல்லை.

பொழுது சாயும் முன்பே இருட்டிவிட்டது. கடைசி வண்டிக்குப் பின்னால் சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டு ரோந்துக் கார் வந்தது. இனி உள்ளேயிருந்து யாரும் வரப்போவதில்லை என்று அர்த்தம். நாலு வழியும் ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் பக்கத்துக் கட்டிடத்துக்குள் போகச் சொன்னார். ஏட்டு போகவில்லை. ஒற்றை ஆளாக நின்று பிளாஸ்டிக் தடுப்பின் அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரை வெளியே விட்டார். அது காலியாகும் வரைக்கும் பொறுக்க முடியாமல் தோளைக் கொடுத்துத் தள்ளினார். பிறகு லாரியில் ஏறி மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வண்டியை எடுத்தார்.

அவர்களால் வெகுதூரம் போக முடியவில்லை. சாலையின் குறுக்கே மேலே நிற்கும் பெரிய வழிகாட்டிப் பலகை இரும்புச் சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு நாலு வழியையும் மறித்து விழுந்து கிடந்தது. அதற்கு அப்பால் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர்தான் தெரிந்தது. மாப்பிள்ளை இறங்கி அந்தச் சட்டத்தை வெறுங்கையால் இழுத்தார். காற்று அவரைக் கீழே தள்ளியது. ஏட்டு அவரைத் தூக்கி வண்டிக்குள் போட்டார். விடியும் வரைக்கும் லாரி ஆடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் மதியம் படகில் போய்த்தான் அந்தத் தெருவுக்குள் நுழைய முடிந்தது. வீட்டின் முன்கூரை முழுவதும் உள்ளே இறங்கியிருந்தது. பின்னறையில் அவள் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு பெஞ்சை வைத்து, அதன் மேல் மெத்தையோடு மாமனாரைக் கிடத்தி, விழாமல் இருக்கப் புடவையால் கட்டியிருந்தாள். ஒற்றை ஆளாக எப்படித் தூக்கினாளோ, அந்த வித்தை அவளுக்குத்தான் தெரியும். கிழவர் உயிரோடு இருந்தார். அவர் கண்ணை உருட்டி உருட்டி முன்னறைப் பக்கமே காட்டினார். அவள் அங்கே, விழுந்த உத்திரத்துக்கு அடியில் இருந்தாள். வாசலைப் பார்க்கப் போனாளோ, லாரிச் சத்தம் கேட்டது மாதிரி இருந்ததோ, யாருக்குத் தெரியும். ஏட்டு உத்திரத்தைத் தூக்கினார். மாப்பிள்ளை அவளை எடுத்தார். அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

அடக்கம் முடிந்த அன்று இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உங்க பகுதில மட்டும்தான் ஏட்டய்யா ஒரு சின்ன விபத்துகூட இல்ல. மேலிடத்துல எல்லாரும் அதைத்தான் பேசறாங்க" என்றார். ஏட்டு தலையை ஆட்டினார். அவர் போன பிறகு சமையலறையில் போய் மனைவியிடம், "விடாதது தப்பில்ல. எத்தனை தடவை யோசிச்சாலும் நான் விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடைசில மாப்ள விடச் சொல்லலையே. சொல்லியனுப்பச் சொன்னார்."

அவ்வளவுதான். ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பேசினாலும் விஷயம் அந்த ஒரு வரிதான். அவள் அதற்கப்புறம் அதைத் திருப்பிச் சொல்லவே இல்லை. ஏட்டின் காதில் அது ஓயவும் இல்லை. பொத்தானை அழுத்த ஆகும் நேரம் எவ்வளவு, ஒரு விலாசத்தைச் சொல்ல ஆகும் நேரம் எவ்வளவு என்று கண்ணை மூடினால் மனசு கணக்குப் போட்டது. அந்தப் பிரசவக்காரிக்கு வழி விடச் சொன்ன பிறகு ஒரு இடைவெளி இருந்தது. அதில் சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னாலும் ஒன்று இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் அவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் வீட்டுக்குப் போனார். சேற்றை அள்ள வேண்டும், ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்க வேண்டும். மாப்பிள்ளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு மண்வெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் அடுத்தடுத்த அறையில் வேலை செய்தார்கள். டீ வந்தால் குடித்தார்கள். திட்டினால்கூடத் தேவலை என்று ஏட்டுக்கு இருந்தது. மாப்பிள்ளை திட்டவில்லை.

முகாமிலிருந்து தெருக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் வந்தாள். வந்ததும் வராததுமாகத் தன் வீட்டைக்கூடப் பார்க்காமல் நேராக இங்கே வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முட்டி வரை சேறும், பனியனும், நாலு நாள் தாடியுமாக மூலையில் மண் அள்ளிக்கொண்டிருந்த ஆளை அவள் யாரோ கூலிக்காரர் என்று நினைத்திருப்பாள்.

"கடைசி பஸ்ல நான் போகும்போது கையைப் பிடிச்சு இழுத்தேன்பா. வா, பெரியவருக்குத்தான் ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குதே, ரெண்டு பேரும் ஏறுங்கன்னு கெஞ்சினேன். நிஜமாவே நின்னுச்சுப்பா, இந்த வாசல்ல. இவதான், 'எங்களுக்கு லாரி வருது, பின்தெருவுல ஒரு பாட்டியம்மா நடக்க முடியாம இருக்காங்க, அவங்களை ஏத்துங்க'ன்னு அனுப்பிட்டா."

மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் விடல. ரோட்டை அடைச்சிட்டாங்களாமே, உன் புருஷன் எப்படி வருவாருன்னு கேட்டேன். சிரிக்கிறா! 'மேம்பாலத்துக்கிட்ட நிக்கிறது எங்கண்ணன்தாங்க்கா. மத்த நாள்னா இவரைப் பிடிச்சி வச்சாலும் வச்சிடுவார். இன்னைக்கு நான் உள்ள இருக்கேன்ல, விட்டுடுவார்'னு சொன்னா. அவ்வளவு நம்பிக்கைப்பா அவளுக்கு." அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு கொஞ்சம் கோபமாகவே கேட்டாள். "ஏன்பா நீ வரல? அவங்கண்ணன் விடலையா?"

மூலையில் மண்வெட்டி நின்றது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அவர் விட்டுட்டாரும்மா" என்றார். "வழில லாரிதான் மக்கர் பண்ணிடுச்சு."

ஏட்டு நிமிர்ந்தார். இல்லை, நான்தான் விடவில்லை, சொல்லவும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தையல்காரம்மா லாரியையும் விதியையும் சேர்த்துத் திட்டிவிட்டுத் தன் வீட்டைப் பார்க்கப் போனாள். மாப்பிள்ளை குனிந்து நிரம்பியிருந்த மண் சட்டியின் ஒரு காதைப் பிடித்தார். மறுகாதைப் பிடிக்கச் சொல்லி ஏட்டைப் பார்த்தார். இரண்டு பேருமாக அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டினார்கள்.